சிந்தித்து வாங்குங்கள்

கோபிச்செட்டிபாளையத்தில் துணிமணிகள் பேச ஆரம்பித்த அந்தக் கோடையில், ஊரிலேயே அதிகம் பேசிய மனிதன் சென்னியப்பன்தான் என்றாலும் அவன் வாயைத் திறந்து பேசியது மிகக் கொஞ்சம். அவனுடைய குரல் அடுத்தவர் சட்டையிலிருந்தும், அடுத்தவர் சேலையிலிருந்தும், எதிர்வீட்டு மாடிக் கொடியில் காய்கிற துண்டிலிருந்தும் வந்துகொண்டிருக்க, அவனோ முப்பத்தெட்டு வயதாகியும் பெண் அமையாத கவலையோடு மொடச்சூர் ரோட்டில் உள்ள மயிலாத்தா சில்க்ஸின் இரண்டாம் மாடியில் மேலாளர் என்ற பெயரில் நின்றுகொண்டிருந்தான்.

முதலாளி கிட்டுசாமியின் மகள் கோவையில் படித்துவிட்டு வந்து, இந்தக் காலத்தில் துணி வாங்குகிறவர்களுக்குத் தாங்கள் வாங்குவது எதிலிருந்து வந்தது, அதனால் மண்ணுக்கும் தண்ணீருக்கும் என்ன கேடு என்று தெரிய வேண்டாமா என்று கேட்க, மகள் கேட்டு எதையும் மறுத்தறியாத மனிதர் கோவைக் கம்பெனி ஒன்றிடம் சொல்லி ஒரு ஏற்பாடு செய்தார். கடைக் கைப்பேசியைத் துணிக்கு நேராகப் பிடித்தால் போதும், அந்தத் துணி வந்த கதை அந்தத் துணி மேலேயே திரையில் விரியும். பருத்தி என்றால் செடி முளைத்து, காய் வெடித்து, காலடியில் வாய்க்கால் ஓடும், பட்டு என்றால் புழு இலை தின்னும், ரேயான் என்றால் மரம் ஒன்று சாய்ந்து விழும், பாலியஸ்டர் என்றால் எண்ணெய் எடுக்கிற இயந்திரம் தலையை ஆட்டி ஆட்டிக் கறுப்பாகக் கக்கும். கூடவே ஒரு குரல் விளக்கம் சொல்லும். அந்தக் குரலுக்கு ஆள் தேடியபோது, "நம்ம சென்னியப்பனையே பேசச் சொல்லுங்க, அவன் சும்மாவே அப்படித்தான் பேசறான்" என்றார் முதலாளி. அதைச் சென்னியப்பன் பாராட்டு என்று எடுத்துக்கொண்டான்.

கம்பெனிக்காரர்கள் கொடுத்த கையேட்டைத் தமிழில் எழுதியவனும் அவன்தான். ஒவ்வொரு துணிக்கும் 'வணக்கம், உங்கள் கையில் இருப்பது' என்று தொடங்கி, 'சிந்தித்து வாங்குங்கள்' என்று முடித்தான். தலைமேல் போர்வையைப் போட்டுக்கொண்டு வீட்டுக் குளியலறையில் பதிவு செய்து, அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு, இத்தனை அருமையான குரலை வைத்துக்கொண்டா இத்தனை வருடம் லுங்கி விற்றோம் என்று தன்மேலேயே பரிதாபப்பட்டான். அவன் உடுத்தியது மட்டும் தலை முதல் கால் வரை பாலியஸ்டர். தேய்க்க வேண்டாம், கசங்காது, பிழிந்து போட்டால் காப்பி குடித்து முடிப்பதற்குள் காய்ந்துவிடும், தனிக்கட்டைக்கு வேறென்ன வேண்டும். மருந்து எழுதிக் கொடுக்கிற டாக்டர் அதைத் தானும் சாப்பிட வேண்டுமா என்ன என்று சமாதானம் சொல்லிக்கொண்டான்.

இதே குரலைத்தான் சத்தியமங்கலத்துக்குப் பெண் பார்க்கப் போனபோதும் எடுத்துக்கொண்டு போனான். பெண் மேகலா, அங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கைகால் பயிற்சி கொடுப்பவள், முப்பத்துமூன்று வயது, வந்த வரன்களையெல்லாம் ஏதோ ஒரு காரணம் சொல்லித் தட்டிவிட்டவள் என்று தரகர் முன்கூட்டியே எச்சரித்திருந்தார். இரண்டு பேரையும் தனியாகப் பேசச் சொல்லி மாடிக்கு அனுப்பியபோது, சென்னியப்பன் நீர்வளத்தைப் பற்றியும் மண்ணின் கருணையைப் பற்றியும் பேசி, தான் பருத்தி தவிர எதையும் உடம்பில் ஏற்றுவதில்லை என்று பாலியஸ்டர் சட்டைக்குள் வேர்த்து வழிந்தபடி சொல்லிவைத்தான். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வேறு என்னவெல்லாம் பிடிக்கும் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அதற்கு அவன் சணல் பிடிக்கும் என்று பதில் சொன்னான்.

இரண்டு வீட்டுப் பெரியவர்களும் பேசி முடித்து, சித்திரை கழிந்து முகூர்த்தம் என்று வைத்துக்கொண்டார்கள். மேகலா மட்டும் பிடி கொடுக்கவில்லை. ஜவுளி எடுக்கிற அன்றைக்கு முகூர்த்தச் சேலையில் கை வைத்தால் சம்மதம் என்று அர்த்தம், வைக்கவில்லை என்றால் எல்லாரும் காப்பி குடித்துவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய்விடலாம் என்று வீட்டில் சொல்லிவிட்டாளாம். தரகர் இதைச் சிரித்துக்கொண்டே வந்து சொன்னார், சென்னியப்பனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. இதுவும் போனால் இனி யாரும் தன்னைப் பெண் பார்க்கக் கூப்பிடப் போவதில்லை என்பது அவனுக்குத் தெரியும்.

இதற்கு நடுவில்தான் கடையில் அந்தத் திறப்பு விழா வந்தது. கிட்டுசாமி எதையும் பூஜை போடாமல் தொடங்கியவர் அல்ல. ஆழ்துளைக் கிணற்றுக்கும், லிஃப்ட்டுக்கும், பில் போடுகிற மெஷினுக்கும் குங்குமம் வைத்த கை அது. இந்தக் கைப்பேசிகளுக்கு என்ன செய்வது என்று குருக்களைக் கேட்க, அவரும் யோசித்துப் பார்த்து, கேமரா என்பது கண், கண் என்றால் கண் திறக்கத்தான் வேண்டும் என்று முடிவு சொன்னார். கோயில் சிலைக்குச் செய்வது போலவே தங்க ஊசியில் தேனைத் தொட்டு ஒவ்வொரு கேமராவிலும் வைத்து, கண்ணாடி காட்டி, கன்றோடு ஒரு பசுவை லிஃப்ட்டில் ஏற்றிக் கொண்டுவந்து காட்டி, மந்திரம் சொல்லி, ஆச்சு என்றார். முதல் துணியாக எதைக் காட்டுவது என்று யாரும் யோசித்து வைத்திருக்கவில்லை, பக்கத்தில் சென்னியப்பன் நின்றான், முதலாளி அவன் சட்டையைக் காட்டினார்.

திரையில் எண்ணெய் இயந்திரம் வந்தது, தலையை ஆட்டியது, கறுப்பாகக் கக்கியது, 'வணக்கம், உங்கள் கையில் இருப்பது பாலியஸ்டர், இது மண்ணில் மக்காது' என்று சென்னியப்பனின் குரல் சென்னியப்பனைப் பற்றிச் சொல்ல, வந்திருந்தவர்கள் கைதட்டினார்கள். முதலாளி கைப்பேசியைக் கீழே வைத்தார். இயந்திரம் போகவில்லை. முழங்கால் உயரத்தில் அவன் வலப்பக்கமாக நின்று தலையாட்டிக்கொண்டே இருந்தது, அவன் நகர்ந்தால் நகர்ந்தது, படியேறினால் ஏறியது. கம்பெனிக்காரர்கள் திருதிருவென்று விழித்தார்கள். கண் திறந்துவிட்டால் பார்த்தது பார்த்ததுதான் என்று சொல்லிவிட்டுக் குருக்கள் அடுத்த வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டார். அதற்குமேல் யாரும் காரணம் கேட்கவில்லை.

அன்றிலிருந்து கடைக் கைப்பேசி பார்த்த துணியெல்லாம் தன் கதையைத் தன்னோடு கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனது. முதல் வாரம் ஊர் கொஞ்சம் தடுமாறியது என்று சொல்லலாம். பஸ்ஸில் பருத்திச் சட்டைக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்குப் பாதம் நனைந்தது. ஓய்வுபெற்ற தபால்காரர் வாங்கிய கம்பளிச் சால்வையோடு ஒரு செம்மறியாடும் போய், பக்கத்து வீட்டுக் கறிவேப்பிலைச் செடியை மொட்டையடித்துவிட்டது. கல்யாண மண்டபங்களில் பட்டுச் சேலைகளின் புழுக்கள் இலை தின்கிற சரசரப்பில் நாதஸ்வரம் எடுபடாமல், வாசிக்கிறவர்கள் மைக் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலே சென்னியப்பனின் குரல், நினைத்த நேரத்தில், கேட்காத இடத்தில், 'வணக்கம்' என்று ஆரம்பித்தது. இழவு வீட்டில் கோடித் துணி பேசியது. பரீட்சை ஹாலில் பாவாடைகள் பேசின. உள்ளாடைகளைப் பேக்கிங் செய்கிற பெண்களுக்கும் கையில் கைப்பேசி இருந்ததால் அவையும் பேசின, ஆனால் ஊர் நாகரிகம் தெரிந்த ஊர், உள்ளாடை பேசுகிறபோது எல்லாரும் தொண்டையைச் செருமிக்கொண்டு மின்விசிறியைப் பார்ப்பது என்று சொல்லாமலே ஒரு வழக்கம் வந்துவிட்டது.

அப்புறம் ஊர் சுதாரித்துக்கொண்டது. வாய்க்காலில் தண்ணீர் நிறுத்தி, குழாயில் எப்போதாவது சொட்டுகிற கோடை அது. பருத்தித் துண்டைக் குடத்துக்கு மேலே தொங்கவிட்டால் குடம் நிறைகிறது என்பதை முதலில் கண்டுபிடித்தது யார் என்று தெரியாது, ஆனால் இரண்டே நாளில் தெருவெல்லாம் டிரம்களும் டிரம்கள் மேல் சட்டைகளுமாக நின்றன. ரேயான் நைட்டி போட்ட பெண்கள் காலையில் வாசல் தெளிக்கும்போது பக்கத்தில் மடேரென்று ஒரு மரம் விழும். அதை வெட்டி அடுப்பு எரித்து, கேஸ் சிலிண்டரை விசேஷத்துக்கு என்று எடுத்து வைத்தார்கள். பாலியஸ்டர் கக்கிய எண்ணெயை வேலிக் கம்புகளுக்குக் கரையான் பிடிக்காமல் பூசினார்கள். வெடித்த பருத்தியை மடியிலிருந்தே பறித்துத் திரி திரித்தார்கள்.

சென்னியப்பன் என்ன சொல்ல வந்தானோ அதற்கு நேர் எதிரானதை ஊர் நன்றாகவே கற்றுக்கொண்டது. கடைக்கு வருகிறவர்கள் நிறம் பார்க்கவில்லை, கரை பார்க்கவில்லை. "ஏனுங்க, இருக்கறதுலயே அதிகம் தண்ணி குடிச்ச பருத்தி எதுங்க, அதைக் காட்டுங்க" என்றார்கள். பெரிய மரமாக விழுகிற நைட்டி கேட்டார்கள். மண்ணுக்கும் தண்ணீருக்கும் தொந்தரவு தராத துணிகளைக் கைப்பேசியில் பார்த்தால் ஓரமாக ஒரு சின்ன இலை முளைக்கும், அவ்வளவுதான். அதை எடுத்துக்கொண்டு போய் என்ன செய்வது என்று அந்த வரிசைப் பக்கம் யாரும் திரும்புவதில்லை. வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. முதலாளியின் மகள் மட்டும் மனம் வெறுத்துப் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டாள்.

வர்த்தகர்கள் சேர்ந்து சென்னியப்பனுக்கு விழா எடுத்தார்கள். சுற்றுச்சூழல் காவலர் என்று பட்டம் வாசித்து, பளபளவென்று ஒரு பொன்னாடை போர்த்த, போர்த்திய கணமே அது அவன் தோளில் உட்கார்ந்துகொண்டு அவன் குரலிலேயே, தான் பாலியஸ்டர் என்றும், தான் மக்க மாட்டேன் என்றும், சிந்தித்து வாங்குங்கள் என்றும் சபைக்குச் சொன்னது. சபை எழுந்து நின்று கைதட்டியது. சென்னியப்பன் கும்பிட்டுக்கொண்டே நின்றான்; உள்ளே, இத்தனை பேர் கேட்டும் ஒருத்தர்கூடக் கேட்கவில்லையே என்று முதல் தடவையாக அவனுக்குத் தோன்றியது, இரண்டாவதாகச் சத்தியமங்கலம் ஒன்றும் அமெரிக்காவில் இல்லையே, இதெல்லாம் அங்கேயும் எட்டியிருக்குமே என்று தோன்றியது. இரண்டாவது நினைப்பில் முதலாவது மறந்துபோயிற்று.

ஜவுளி எடுக்கிற நாளும் வந்தது. சத்தியமங்கலத்திலிருந்து ஒரு வேன் நிறையப் பெண் வீட்டார், இங்கேயிருந்து மாப்பிள்ளை வீட்டார், அத்தைகள், சின்னம்மாக்கள், தூங்குகிற குழந்தைகள், எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டாம் மாடியின் வெள்ளை விரிப்பில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். சென்னியப்பன் அன்று ஏமாறத் தயாராக இல்லை. முதலாளியிடம் கெஞ்சி அவருடைய சுத்தமான பருத்திச் சட்டையையும் வேட்டியையும் இரவல் வாங்கி உடுத்தியிருந்தான்; சட்டை இரண்டு பங்கு பெரிசு, காலடியில் தண்ணீர் சளசளவென்று ஓடி விரிப்பை நனைத்தது, ஆனால் 'வணக்கம், உங்கள் கையில் இருப்பது பருத்தி' என்று சட்டை சொன்னபோது மேகலாவின் அப்பா மனைவியைப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தார். நைந்துபோன பழைய எண்ணெய் இயந்திரச் சட்டை வீட்டு பீரோவுக்குள் பூட்டிக் கிடந்தது. இதுவரை எல்லாம் சரியாகத்தான் போயிற்று.

மேகலாவின் தாய்மாமா ஒருத்தர் இருந்தார், கையில் எது கிடைத்தாலும் அமுக்கிப் பார்க்கிற மனிதர். அவர் கவுண்டரிலிருந்த கடைக் கைப்பேசியை எடுத்து, மாப்பிள்ளையைப் போட்டோ பிடிக்கிறேன் என்று மேலிருந்து கீழாக நிதானமாக ஒரு முறை காட்டினார். கண் திறந்த கேமராவுக்கு வேட்டி ஒரு மறைப்பா. வேட்டிக்குள்ளிருந்து, சென்னியப்பனின் குரலில், கணீரென்று, எழுத்துச் சுத்தமாக, 'வணக்கம். உங்கள் கையில் இருப்பது பாலியஸ்டர்' என்று வந்தது.

இரண்டு வீட்டாரும் தொண்டையைச் செருமிக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தார்கள். அத்தனை பேரும் பார்த்ததில் மின்விசிறிக்கே கூச்சம் வந்திருக்கும். வேட்டி ஓரமாக ஒரு சின்ன இயந்திரம் தலையாட்டியபடி எட்டிப் பார்த்தது. சென்னியப்பனுக்கு அப்படியே தரை பிளந்து கீழ்த்தளத்து லுங்கிப் பிரிவில் போய் விழுந்துவிட்டால் தேவலை என்றிருந்தது. குரல் சொல்ல வேண்டியதையெல்லாம், மக்காதது வரைக்கும், ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தது.

மின்விசிறியைப் பார்க்காதவள் மேகலா ஒருத்திதான். அவள் அந்த இயந்திரத்தைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், சிரிக்கவில்லை.

"ஏனுங்க, ஆஸ்பத்திரில நான் போடற வெள்ளைக் கோட்டு உங்க கடைல எடுத்ததுதானுங்க. இந்தக் கோடை பூரா உங்ககூடத்தான் இருக்கறேன். நான் கையை மடக்குங்கன்னு சொல்றேன், நீங்க சிந்தித்து வாங்குங்கள்ங்கறீங்க. நடக்க முடியாம அழுவறவங்ககிட்டயும் அதையேதான் சொல்றீங்க."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் இரவல் சட்டை முந்திக்கொண்டு வணக்கம் சொல்லிவிட்டது. அது முடியும்வரை அவள் காத்திருந்தாள்.

"பாலியஸ்டர் போட்டா போட்டுட்டுப் போங்க, அது ஒன்னுமில்லீங்க. உங்க குரல் பேசாத துணி ஒன்னு இந்தக் கடைல இருந்தா எடுத்துட்டு வாங்க. அதையும் உங்களையும் பாக்கறேன். இல்லாட்டி நாங்க கெளம்பறோமுங்க."

அம்மாக்காரி, மகளே, முகூர்த்தத்துக்குப் பட்டு எடுக்க வந்துவிட்டு இதென்ன பேச்சு என்று முழங்கையால் இடித்தாள். வேன் டிரைவரை யாரோ கைப்பேசியில் கூப்பிட்டார்கள். சென்னியப்பன் மாடியைச் சுற்றிப் பார்த்தான். பட்டு பேசுகிறது, பருத்தி பேசுகிறது, ஜார்ஜெட்டும் ஷிஃபானும் பேசுகின்றன, விரிப்புகூடப் பேசுகிறது. தன் குரல் படாத அரை கஜம் துணி எங்கேயிருக்கிறது என்று தேடித் தேடி, மூலையில், யாரும் திரும்பிப் பார்க்காத அந்த வரிசைக்கு வந்து, ஏணி போட்டு ஏறி, மேல்தட்டிலிருந்து ஒரு வாழைநார்ச் சேலையை எடுத்தான். கம்பெனிக்காரர்கள் மாதிரிக்கு அனுப்பி வைத்தது, வந்த நாளிலிருந்து ஒருவரும் பிரித்துக் கேட்டதில்லை, ஒரு கைப்பேசியும் அதைப் பார்த்ததில்லை. தூசியைத் தட்டி, நனைந்த விரிப்பில் காய்ந்த இடமாகப் பார்த்து அவள் முன்னால் விரித்தான்.

சேலை சும்மா இருந்தது. அதிலிருந்து ஒன்றும் முளைக்கவில்லை, ஒன்றும் ஓடவில்லை. சாயம் போடாத மங்கிய வெளுப்பில், ஓரத்தில் ஒரு பச்சைக் கோடு மட்டும் இழுத்துக்கொண்டு, மடிப்புத் தழும்போடு கிடந்தது.

"இது எப்படீங்க? கட்டுனா வேர்க்குமா? தொவைச்சா சுருங்குமா?" என்று கேட்டாள் மேகலா.

இதற்கும் அவன் எழுதியிருந்தான். போர்வைக்குள் உட்கார்ந்து பேசி வைத்த வாசகம், வாழைநாரின் வலிமை, அதன் எளிமை, மண்ணோடு மண்ணாகும் அதன் பெருந்தன்மை, எல்லாம் வணக்கத்தோடு வரிசையாக நாக்கு நுனியில் வந்து நின்றன. இரண்டு வீட்டாரும் காத்திருந்தார்கள். கடைப் பெண்கள் மடிப்பதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். சென்னியப்பன் குனிந்து சேலையைத் தொட்டுப் பார்த்தான். உண்மையில் அவனுக்குப் பயமாக இருந்தது. இந்த ஒரு வாசகத்தைச் சொல்லாவிட்டால் தன்னிடம் வேறு என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"தெரியாதுங்க" என்றான். குரல் கீச்சென்று வந்தது, ஊரில் யாரும் அதைக் கேட்டதில்லை. "புஸ்தகத்துல போட்டிருந்ததைப் படிச்சுப் பேசுனேனுங்க. நானே இன்னைக்குத்தான் தொடறேன். கொஞ்சம் சொரசொரன்னு இருக்குதுங்க."

மேகலா கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, சேலையின் மேல், நட்டநடுவில், உள்ளங்கையை விரித்து வைத்தாள்.

"செரி, கட்டித்தான் பாக்கோணும்" என்றாள்.

கையை வைத்துவிட்டாள் என்று யாரோ ஒரு அத்தை மெதுவாகச் சொன்னாள். சென்னியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஏதாவது சொல்ல வேண்டும், சொல்ல ஒன்றும் தெரியவில்லை, தெரியாமல் இருப்பது இத்தனை சுகமாக இருக்கும் என்று இத்தனை வருடம் தெரியாமல் போயிற்றே என்று நின்றான். அந்த நேரம் பார்த்து அவன் மார்மேல் சட்டை தொண்டையைச் சரிசெய்துகொண்டு, வணக்கம், என்று ஆரம்பித்தது.

"கம்முனு இரு" என்றான் சென்னியப்பன், தன் சட்டையைப் பார்த்து.